மீதி வலு எவ்வளவு? பழந்துணிக் கலை: வாசகர் கேள்வி–பதில்

பழைய புடவை, மீன்வலை, பாட்டில் மூடி, தறிக்கழிவு இவற்றைக் கொண்டு சுவர்ப்படைப்புகள் செய்வது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலரும் எப்படித் தைப்பது, எதை வைத்து ஒட்டுவது என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, அந்தப் பொருளில் இன்னும் எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்பது. புதுத்துணியில் இந்தக் கவலை இல்லை. பழையதில் வேலை முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

கேள்வி: அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக விண்டுபோகிறது. கட்ட முடியாது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சுவரில் மாட்டும் படைப்பாக மாற்ற முடியுமா? ஐயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸைப் பின்னால் ஒட்டச் சொல்கிறார் டெய்லர்.
– வாசகி, லாஸ்பேட்டை

முடியும். அந்த கேன்வாஸ் மட்டும் வேண்டாம். அதன் பசை உருகுவதற்கான சூட்டில் நைந்த பட்டு இன்னும் முறுகும். ஒட்டிய பிறகு பிரிக்கவும் வழியில்லை. சில வருடங்களில் பசை மஞ்சளாகி, பட்டு கேன்வாஸோடு சேர்ந்து விறைத்து நிற்கும்.

முதலில் புடவையைப் பிரித்து, ஜன்னலுக்கு எதிரே வெளிச்சம் ஊடுருவும்படி பிடித்துப் பாருங்கள். கீற்றுக் கீற்றாக வெளிச்சம் தெரியும் இடங்கள் போனவை. மற்ற இடங்களில் இரண்டங்குல அகலத்துக்குத் துணியை இரு கைவிரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். ஓசையே இல்லாமல் பிரிந்தால் அந்த இடம் ஊசியைத் தாங்காது. பெரும்பாலும் கொசுவமும் கீழ்க்கரையை ஒட்டிய பகுதியும்தான் மோசமாக இருக்கும். முந்தானையும் உடுத்தும்போது உள்ளே சுற்றிக்கொள்ளும் பகுதியும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல பகுதி, பாதி, போனது என்று மூன்றாகப் பிரித்து வேறு வேறு நிற நூலால் அடையாளத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோடு வேண்டாம், பட்டிலிருந்து போகாது. இந்த நிலையில் தண்ணீரில் நனைக்கவும் கூடாது. நிழலில் ஒரு நாள் விரித்துப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தூசி தட்டினால் போதும்.

பின்துணியாகப் பழைய வேட்டி சரியாக இருக்கும். பலமுறை துவைத்தது என்பதால் இனிச் சுருங்காது, கஞ்சியும் இருக்காது. பட்டைவிட நான்கு பக்கமும் இரண்டங்குலம் கூடுதலாக, இழை ஓட்டம் நேராக இருக்கும்படி வெட்டி மேசைமேல் விரியுங்கள். அதன்மேல் பட்டை இழுக்காமல், அது விழுந்தபடியே படுக்க வையுங்கள். விண்டுபோன இடத்தில், கீறலுக்குக் குறுக்கே ஒரு நீள இழையைப் படுக்கவைத்து, அந்த இழையை அரை சென்டிமீட்டருக்கு ஒரு முறை சின்னத் தையலால் பின்துணியோடு பிடித்துக்கொண்டே போங்கள். இப்படி ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வரி. நைந்த பட்டை இழைதான் மேலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. ஊசி அதிகமும் பின்துணியைத்தான் குத்துகிறது. எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி விறைப்பாக இழுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

நூல் மெலிதான பட்டாகவோ ஒற்றை இழைப் பருத்தியாகவோ இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் வேண்டாம். இழுபடும்போது துணியைவிட நூல் வலுவாக இருந்தால் துணிதான் அறுபடும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம்.

ஜரிகைக் கரையைப் புடவையின் உடல்பகுதியிலிருந்து பிரித்து, தனியாகப் பின்துணியில் தையுங்கள். கரையின் எடை பட்டைக் கீழே இழுப்பதுதான் பாதிக் கிழிசலுக்குக் காரணம். முழுக்க நைந்த பகுதியையும் எறிய வேண்டாம். மெல்லிய வலைத்துணி இரண்டுக்கு நடுவே வைத்துத் தைத்தால், கீற்றுகள் அப்படியே தெரியும். அந்தக் கீற்றுகளை மறைக்காமல் காட்டும் படைப்புகள்தான் இந்த வகையில் மனதில் நிற்கின்றன.

கேள்வி: கடற்கரையில் மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகள் நிறையக் கிடைக்கின்றன. நாலைந்து முறை துவைத்தும் வாடை போகவில்லை. சாயமும் சில துண்டுகளில் பிடிக்கிறது, சிலவற்றில் ஒட்டுவதே இல்லை. ஏன்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

நீங்கள் ஒன்றாகக் குவித்து வைத்திருப்பது குறைந்தது இரண்டு வகைப் பிளாஸ்டிக். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டங்குலத் துண்டுகளைப் போட்டு, காற்றுக்குமிழ் போகும்படி பிசைந்து விடுங்கள். மூழ்குவது பெரும்பாலும் நைலான். தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலையும் முறுக்குநூல் வலையும் இதில் வரும். மிதப்பது பாலிஎத்திலீனோ பாலிப்ரொப்பிலீனோ, அதாவது பச்சை, நீல நிறங்களில் வரும் கரடுமுரடான இழுவலையும் கயிறுகளும். மிதப்பதில் எந்தச் சாயமும் ஏறாது. அதன் நிறத்தை அப்படியே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நைலானில் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயம் நன்றாகப் பிடிக்கும். அரை கிலோ வலைக்கு 15 லிட்டர் தண்ணீர், 5 முதல் 10 கிராம் சாயம், 200 மில்லி வினிகர். கொதிக்க விடாமல், ஆவி நன்றாக வரும் சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்து, தண்ணீர் ஆறும்வரை உள்ளேயே விடுங்கள். அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

வாடைக்குக் காரணம் முடிச்சுகளுக்குள் இருக்கும் செதிலும் சளியும். மேலே சோப்புப் போட்டு அலசினால் அது வராது. முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறட்டும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பு முழுக்கப் போகாவிட்டால் வலை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வாடையும் திரும்பத் திரும்ப வரும். பிறகு 10 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சலவை சோடா போட்டு ஓர் இரவு ஊறவைத்து, முடிச்சு இருக்கும் பக்கம் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பிகளை வினிகரில் ஊறவைத்தால் இளகிவிடும். ஓரக்கயிற்றில் ஈயக்குண்டு இருந்தால், ஊறவைக்கும் முன்பே கையுறை போட்டு வெட்டி எடுத்து, பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். ஈயம் நச்சு. அதைப் படைப்பில் அலங்காரமாகத் தொங்கவிடுவதைப் பார்க்கிறோம், தயவுசெய்து வேண்டாம்.

வெயிலில் நெடுநாள் கிடந்த வலையை எடுக்காதீர்கள். வலைக்கண் ஒன்றை இரு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். சட்டென்று அறுந்தாலும், விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டினாலும் இழை உள்ளுக்குள் நைந்துவிட்டது. மாட்டிய இடத்தில் தூளாக உதிர்ந்து வீட்டுக்குள் பிளாஸ்டிக் தூசியைத்தான் பரப்பும்.

அமைப்புக்கு மீனவர்களிடமே ஒரு கணக்கு இருக்கிறது. இழுத்துப் பிடித்தால் 10 அடி வரும் வலையை 5 அடிக் கயிற்றில் கோத்தால் கண்கள் நீண்ட வைரமாக நிற்கும், தளர்வாகத் துணிபோல் மடியும். அதே வலையை 7 அடிக் கயிற்றில் கோத்தால் கண் ஏறக்குறையச் சதுரமாகத் திறந்து, அதிகப் பரப்பை மூடும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வலையைத் தொங்கவிடும்போது, ஒன்றை 5 அடியிலும் மற்றதை 7 அடியிலும் கோத்துப் பாருங்கள். நடந்துகொண்டே பார்த்தால் அலையடிப்பதுபோல் கோலம் மாறும். சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணல்வகைக் கயிற்றை, தறியே இல்லாமல், வெறும் முடிச்சுகளால் ஆளுயரச் சிற்பங்களாக எழுப்பினார். வலைக்கயிறு அந்த முறைக்கு நன்றாக இசைந்து வரும். முடிச்சு வழுக்காமல் இருக்க, நைலானில் எப்போதும் இரட்டை முடிச்சு.

கேள்வி: லுங்கித் துண்டுகளும், தறியில் பாவு (நெடுக்கு இழை) முடியும்போது அறுத்துப்போடும் முனைநூலும் கிலோ கணக்கில் இருக்கின்றன. மரச்சட்டத்தில் ஆணி அடித்து நெய்கிறேன். கீழே இரண்டடி அகலம், மேலே போகப் போக ஒன்றரை அடி ஆகிவிடுகிறது.
– வாசகி, குறிஞ்சிப்பாடி

ஊடையை (குறுக்கு இழை) நேர்க்கோட்டில் இழுத்து வைப்பதால் வரும் கோளாறு இது. ஊடை பாவுக்கு மேலும் கீழுமாக வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு வேண்டிய நீளத்தை நீங்கள் தராவிட்டால், அது ஓரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியையும் வில்போல் வளைத்து வையுங்கள். இரண்டடி அகலத்துக்கு நடுவில் இரண்டங்குல உயரம் இருக்கட்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் அழுத்தி இறக்குங்கள். இரண்டு ஓரப் பாவையும் இரட்டை இழையாகப் போட்டு, சட்டத்தோடு நான்கங்குலத்துக்கு ஒரு முறை தற்காலிகமாகக் கட்டிவைத்தால் அகலம் நகராது.

ஆணிகள் அரை அங்குல இடைவெளியில், இரண்டு வரிசையாக மாறி மாறி இருக்கட்டும். ஒரே வரிசையில் அடித்தால் மரம் இழையோடு பிளந்துவிடும். பாவுக்கு மூன்று புரிப் பருத்திக் கயிறு போதும். சணல் வேண்டாம், உரசலில் பிசிறும். பாவு கட்டியபின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் நெய்ய நெய்ய இறுகி, கடைசி ஓரடியில் கை நுழையாது.

புது லுங்கித் துண்டில் கஞ்சி இருக்கும், முதலில் துவைத்துவிடுங்கள். முக்கால் அங்குலப் பட்டைகளாக நீளவாக்கில் கிழியுங்கள். கத்தரியால் வெட்டினால் இழை நேராக வராது, ஓரம் உதிர்ந்துகொண்டே இருக்கும். முடிச்சுப்போட்டு இணைக்காமல், இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, இரண்டங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து நெய்யுங்கள். இரண்டடிக்கு மூன்றடிப் படைப்புக்குச் சுமார் ஒரு கிலோ துணி செல்லும். எடைபோட்டு வைத்துக்கொண்டு தொடங்கினால், மேலே போனபின் அதே நிறத்துக்கு அலைய வேண்டாம்.

லுங்கிக் கட்டங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாலு கட்டத்து நிறமும் கலந்து கிழித்தால் நெய்தபின் தூரத்திலிருந்து எல்லாம் சாம்பலாகத் தெரியும். நீளவாக்கில் ஓடும் கோட்டைப் பார்த்து, அதே நிறக் கோடு மட்டும் பட்டையில் வரும்படி கிழித்தால், குறுக்குக் கோடுகள் புள்ளிகளாக விழுந்து அழகாக வரும். முனைநூலை ஊடையாக்க வேண்டாம், நீளம் போதாது. பத்துப் பன்னிரண்டு இழையைச் சேர்த்து, இரண்டு பாவுக்கும் வெளிப்புறமாகச் சுற்றி நடுவில் இரு முனையையும் வெளியே இழுத்து இறுக்கினால் குஞ்சமாக நிற்கும். ஒவ்வொரு குஞ்ச வரிக்கும் பிறகு நான்கு வரி சாதா நெசவு வேண்டும், இல்லையென்றால் குஞ்சம் கழன்றுவிடும்.

கேள்வி: பால் கவர்களை அயர்ன் பாக்ஸால் ஒட்டித் துணிபோல் செய்கிறோம். அதே முறையில் ஃப்ளெக்ஸ் பேனரையும் ஒட்டலாமா?
– பள்ளி ஆசிரியை, முதலியார்பேட்டை

கூடவே கூடாது. ஃப்ளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலைமேல் பிவிசி பூச்சு. அதிகச் சூட்டில் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பிள்ளைகள் இருக்கும் அறையில் யோசிக்கவே வேண்டாம். ஃப்ளெக்ஸைத் தைக்கத்தான் வேண்டும்: 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் ஓட்டை வரிசையிலேயே கிழிந்துவிடும். மிஷின் காலில் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் முகப்பவுடர் தடவுங்கள். பால் கவரை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அச்சு இல்லாத பக்கம் வெளியே வர, ஆறு முதல் எட்டு அடுக்கு வைத்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் போட்டு, பட்டுக்கான சூட்டில் நகர்த்திக்கொண்டே தேயுங்கள். ஓட்டை விழுந்தால் சூடு அதிகம், அடுக்கு பிரிந்தால் குறைவு. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: குவார்ட்டர் பாட்டில் மூடிகளைத் தட்டி, செப்புக்கம்பியால் கோத்துத் திரைபோல் செய்து மொட்டைமாடிச் சுவரில் மாட்டினோம். மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்து, மூடிகள் கழன்று விழுகின்றன.
– கல்லூரி மாணவர்கள், மஞ்சக்குப்பம்

அந்த வெள்ளைத் தூள் அரிபட்ட அலுமினியம். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால், அலுமினியம் வேகமாகக் கரையும். கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் பழைய செப்புக்கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கும். அது போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். முறுக்கும்போதும் மூடியின் விளிம்பில் உரசும்போதும் பூச்சு உரிந்துவிடும். திறந்தவெளிக்கு அலுமினியக் கம்பியே சரி. ஒரு மில்லிமீட்டர் கனம் கைக்கு வளையும். வீட்டுக்குள் என்றால் தங்கூசியும் போடலாம்.

கோக்கும் முன் ஒவ்வொரு மூடியையும் காந்தத்தில் காட்டுங்கள். ஒட்டினால் அது சோடா, பீர் பாட்டிலின் தகர மூடி. துருப்பிடித்துப் பக்கத்தில் இருப்பதையும் கறையாக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வட்டை எடுத்துவிடுங்கள், அதற்குள்தான் ஈரம் தங்கும். நாலு ஓட்டையும் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே வரட்டும். ஓட்டையின் பின்பக்கப் பிசிறை அரம் வைத்துத் தேய்க்காவிட்டால் அது கம்பியை அறுக்கும், கையையும் அறுக்கும்.

செப்புக்கம்பி என்ற எண்ணம் சிற்பி எல் அனட்சுயியின் படைப்புகளைப் பார்த்து வந்திருக்கும். 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் ந்சுக்காவில் நெடுங்காலம் வேலை செய்தவர். அவருடைய மூடித்திரைகள் பெரும்பாலும் அருங்காட்சியகக் கூடங்களுக்குள் தொங்குபவை. மது மூடியை அவர் எடுத்ததற்கு ஒரு காரணம், ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அதே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பிரெஞ்சு வணிகத்தில் போன இன்னொரு சரக்கு, புதுச்சேரியில் நீலம் தோய்த்த பருத்தித்துணி. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அந்த நீலத்துணியே காசுபோல் செலவானது. அனட்சுயியின் வடிவத்தை அப்படியே பின்பற்றுவதைவிட, மூடிகளுக்கு நடுவே நீலத்துணிக் கீற்றுகளைக் கோத்துப் பாருங்கள். அது இந்த மண்ணின் கதையாக இருக்கும்.

கேள்வி: மர இழைப்பகத்தில் பலா மரத்தூள் சும்மாவே தருகிறார்கள். பழைய வேட்டியில் மஞ்சள் சாயம் போட்டால் திட்டுத்திட்டாக வருகிறது.
– வாசகர், பண்ருட்டி

திட்டுக்குக் காரணம் அநேகமாக வேட்டியில் இருக்கும் கஞ்சி, வியர்வை, எண்ணெய். அரை கிலோ வேட்டியை 10 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து அலசுங்கள். தண்ணீர் பழுப்பாக வரும். பிறகு 100 கிராம் கடுக்காய்த்தூள் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். அடுத்து 75 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம். பருத்திக்குக் கடுக்காய் இல்லாமல் வெறும் படிகாரம் சரியாகப் பிடிக்காது.

மரத்தூளில் வைரம் பாய்ந்த பகுதியின் மஞ்சள் தூளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வெளிறிய வெளிமரத்தூளில் நிறம் இல்லை. அரை கிலோ தூளைத் துணிமூட்டையாகக் கட்டி இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மூட்டையை எடுத்துவிட்டுத் துணியைப் போடுங்கள். தூளைத் தளர்வாகப் போட்டால் அது ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும். கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வைத்து, அடிக்கடி புரட்டிக்கொண்டே இருங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். இரும்புச் சட்டியிலும், இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரிலும் மஞ்சள் பாசிநிறமாகிவிடும். மழைநீர் கிடைத்தால் மிக நல்லது. கருமைக்காகத் துருநீர் போடுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கருப்பு, ஏற்கெனவே தேய்ந்த துணியைச் சில வருடங்களில் பொடியாக்கும். வலுவான துணியில், கொஞ்சமாக மட்டும்.

கேள்வி: என்னிடம் தையல் மிஷின் இல்லை. சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய துணிகளும் கையளவு கட்பீஸ்களும்தான் இருக்கின்றன.
– வாசகி, நெல்லித்தோப்பு

மிஷின் தேவையே இல்லை. கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு பழைய காட்டன் புடவை, அதன்மேல் துண்டுத்துணிகள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓடுதையல் போட்டுக்கொண்டே வருவார்கள். துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, அடுத்த துண்டை அதன்கீழ் செருகி, எல்லா அடுக்கும் சேரும்படி தைப்பது. முன்கூட்டி வரைந்த படம் வேண்டாம். தையல் வரிகளின் இடைவெளி முக்கால் சென்டிமீட்டருக்குள் இருந்தால் எவ்வளவு தேய்ந்த துண்டும் நிற்கும். வாங்கிய துணிகளை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைக் காற்றுப் புகாத கவரில் கட்டி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

கேள்வி: கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. சுவரில் மாட்டிய துணிப்படைப்பில் ஐப்பசி, கார்த்திகையில் கரும்புள்ளி விழுகிறது.
– வாசகர், வைத்திக்குப்பம்

சுவரோடு ஒட்டித் தொங்குவதால் பின்னால் காற்றே போகவில்லை. பின்பக்க மேல்விளிம்பில் நான்கங்குல அகலத்துக்கு நீளவாக்கில் துணி உறை தைத்து, அதற்குள் அலுமினியக் குழாயைச் செருகி மாட்டுங்கள். எடை முழுவதும் சமமாகப் பரவும். குழாயின் இரு முனையிலும், கீழ் மூலைகளிலும் கார்க் துண்டு வைத்துச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். உப்புப் பூத்து உதிரும் பழைய சுண்ணாம்புச் சுவர் வேண்டாம், வெளிச்சுவரின் உட்பக்கமும் வேண்டாம். இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் சுவர்தான் சரி. ஆணி இரும்பாக இருக்கக்கூடாது, எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள்.

வந்துவிட்ட கரும்புள்ளியைப் பிளீச்சால் துடைக்க வேண்டாம், பழந்துணி அந்த இடத்திலேயே ஓட்டையாகும். மழை விட்ட ஒரு நாளில், மூக்கை மூடிக்கொண்டு, வெளியே நிழலில் காயவைத்து, முழுக்கக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும். கறை மிஞ்சினால் அதன்மேல் ஒரு துண்டுத்துணியை வைத்துத் தைத்துவிடலாம்.